பெரெதியா எழுதாமல் விட்ட குழி

பெரெதியாவுக்கு நாக்குதான் பிழைப்பு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சண்டைக்காரி என்று அதற்கு அர்த்தமில்லை. கிணற்றிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விடுவாள். கொஞ்ச நேரம் வைத்திருந்து துப்புவாள். "போன மாசத்துக்கு இப்போ உப்பு ஏறியிருக்கு" என்பாள். அதற்கப்புறம்தான் தோள்பையிலிருந்து உப்பளக்கும் மீட்டரை எடுத்து அதன் கம்பியைத் தண்ணீரில் விடுவாள். மீட்டரும் அவள் சொன்னதைத்தான் சொல்லும்.

அந்த நாக்கு அவள் பிறந்த இடத்தின் கொடை. அபாநேனே எங்கள் தீவின் தெற்குக் கோடியில் இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம். வெளிக்கடல் கரையில் நின்று கல்லை எறிந்தால் தீவு வளைத்துப் பிடித்திருக்கும் உள்கடலில் போய் விழும், அவ்வளவுதான் ஊரின் அகலம். இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், ஆனால் மழைக்காலத்திலும் லேசாகக் கரிக்கும். அங்கே பிறந்த குழந்தைகள் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாக அந்தக் கரிப்பைத்தான் குடித்து வளர்கின்றன. எந்த நாளில் எவ்வளவு கரிக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய பாடமே இல்லை.

பத்தொன்பது வயதில் அவளை எங்கள் ஊருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் நூகா, தீவின் நடு. இங்கேதான் நிலம் அகலம், தென்னைகள் உயரம், ஈரப்பலா பெரிது, தண்ணீர் இனிப்பு. மாப்பிள்ளை இயோதேபா சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். வருஷத்தில் பத்து மாசம் ஏதாவது ஒரு சமுத்திரத்தில் இருப்பான். வீட்டில் அதிகாரம் அவன் அண்ணன் தெதாபோவுக்கு. கல்யாண விருந்தில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது தெதாபோ எழுந்து நின்று சொன்னான்: "இனிமே எங்க வீட்டுல மீனுக்கு உப்பு போட வேண்டியதில்ல. பொண்ணு கை கழுவின தண்ணியே போதும்!"

ஊர் சிரித்தது. புதுப்பெண் தலையைக் குனிந்துகொள்வாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் குனியவில்லை.

"உப்பில்லாத ஊர்ல வளர்ந்தா இப்படித்தான் மச்சான். பேச்சு சப்புனு இருக்கும்."

எங்களிடையே புருஷனின் அண்ணன் தம்பியோடு இப்படி மல்லுக்கு நிற்பது தப்பில்லை, முறைதான். ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக இவர்கள் இரண்டு பேரும் நின்ற அளவுக்கு வேறு யாரும் நின்றதாக எனக்கு நினைவில்லை.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். என் பெயர் திமேயோன். அவளுடைய வேலையில் எனக்கு ஒரு சின்னப் பங்கு உண்டு, அதைச் சொல்லுமுன் அவள் அந்த வேலைக்கு வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது தலைநகரிலிருந்து ஒரு குழு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் ஒரே ஒரு பெரிய கிணறு வெட்டி டீசல் பம்பு வைத்தது. வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டது பெரெதியா. முதல் இரண்டு நாள் தண்ணீர் பீறிட்டு வந்தது. மூன்றாம் நாள் காலையில் தேநீர் போட்டவள் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரிக்குது" என்றாள்.

"நேத்துதான் அளந்தோம்மா, அருமையான தண்ணி. உன் சர்க்கரைதான் கம்மி" என்றார் மேஸ்திரி.

ஐந்தாம் நாள் தேநீரை எல்லாருமே துப்பினார்கள். பம்பை நிறுத்தினார்கள், கிணற்றை மூடினார்கள், போய்விட்டார்கள். போவதற்கு முன் அந்தக் குழுவில் ஒரு இளவட்டம் மட்டும் அவள் கேட்டதற்குக் குச்சியால் மணலில் படம் போட்டுக் காட்டினான். "அடியில முழுக்கக் கடல் தண்ணி. அது மேல மழைத்தண்ணி மிதக்குது, எண்ணெய் மாதிரி. தீவு ஓரத்துல மெலிசு, நடுவுல தடிமன். ஒரே இடத்துல வேகமா உறிஞ்சினா அடியில இருக்கிறது மேல ஏறிடும். மெதுவா, பரவலா எடுத்தா ஏறாது."

அந்தப் படத்தைக் காற்று அழிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

சில வருஷம் கழித்துத் தீவு மன்றம் கிணறுகளை மாதாமாதம் அளக்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது மனு போட்டது அவள் ஒருத்திதான். நூற்று எண்பத்தாறு கிணறுகள். கப்பலிலிருந்து புருஷன் அனுப்பிய பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொண்டாள். மீட்டர் எண் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் இருந்தால் குடிக்கலாம், தாண்டினால் கிணற்றுத் திட்டில் சிவப்புக் கோடு. எந்த வீட்டிலும் அவளுக்கு வரவேற்பு கிடையாது. "வந்துட்டா, நம்ம தண்ணிக்கு நோய் சொல்ல" என்று முணுமுணுப்பார்கள். மாசக் கடைசியில் அவள் நோட்டோடு என் வீட்டுக்கு வருவாள். அந்த எண்களை நான் கட்டம் போட்ட தாளில் தீவின் படமாக வரைந்து கொடுப்பேன். நல்ல தண்ணீருக்கு நீலம், சுமாருக்குப் பச்சை, உப்புக்குச் சிவப்பு.

அந்தப் படத்தில் ஒரு குறை இருந்தது. நூகாவின் நட்டநடுவில் நகத்தளவு இடம் வெள்ளையாகவே நிற்கும்.

"இங்க ஏன் எண் இல்ல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அளக்கல."

"ஏன் அளக்கல?"

"அளக்கலன்னா அளக்கல. நீ கணக்கு வாத்தியாரா, போலீசா?"

அந்த வெள்ளை இடம் தெதாபோவின் சேம்புக் குழிகள். ஊருக்கே தெரியும். பதினொரு குழிகள், ஒவ்வொன்றும் ஆள் உயர ஆழம், முப்பாட்டன்கள் ஆமை ஓட்டால் தோண்டியவை. அடியில் எப்போதும் தண்ணீர் ஊறி நிற்கும். அந்தச் சேற்றில் யானைக்காது இலையோடு சேம்பு நிற்கும். ஒவ்வொரு செடிக்கும் தாழையோலையில் வளையம் பின்னி, அதற்குள் இலையெரு போட்டு வளர்ப்பான். எந்த இலை, எந்த அளவு என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டான். ஊர் விருந்துக்கு அவன் கொண்டுவரும் கிழங்கை இரண்டு பேர் காவடியில் தூக்கி வருவார்கள். அந்தத் தோப்புக்குள் அடுத்தவர் கால் வைக்க முடியாது.

இருந்தாலும் பெரெதியா கால் வைத்திருக்கிறாள், அளந்தும் இருக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே. மீட்டர் ஐந்நூற்று எண்பது காட்டியது. தீவில் வேறெங்கும் அவள் பார்க்காத எண். பென்சிலை எடுத்தபோது தெதாபோ அவள் முன்னால் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உங்கிட்ட ஒண்ணு கேட்கறேன் கொழுந்தியா" என்றான்.

எங்களிடையே ஒரு உறவுக்காரர் இப்படி உட்கார்ந்து கேட்டுவிட்டால் மறுக்க முடியாது. புபுதி என்போம். சட்டை கேட்டால் சட்டை, படகு கேட்டால் படகு. இல்லை என்று சொன்னவன் முகத்தில் ஊர் விழிக்காது. கேட்டவனுக்கும் அது இலவசமில்லை. நாளைக்கு மற்றவர் வந்து உட்காரலாம்.

"என் குழிய உன் நோட்டுல எழுதாத. எண் எழுதினா தண்ணி. தண்ணின்னா சர்க்கார். சர்க்கார்னா வேலி. எங்கப்பன் நிலம் பாதி அப்படித்தான் விமான ஓடுபாதையா போச்சு."

அவள் பென்சிலை மறுபடி காதில் செருகிக்கொண்டாள். பதினான்கு வருஷம் அந்த இடம் வெள்ளையாக நின்றது.

பிறகு பெரிய வறட்சி வந்தது. எங்களுக்கு மழை மேற்குக் காற்றோடுதான் வரும். அந்த வருஷம் மேற்குக் காற்று வரவேயில்லை. கிழக்கிலிருந்து ஒரே சீராக, உலர்ந்து, பதினான்கு மாசம் அடித்தது. ஈரப்பலா இலை கருகியது. பாளை சீவினால் பதநீர் பாதிச் சிரட்டைகூடச் சேரவில்லை. இளநீர் எலுமிச்சை அளவு. பெரெதியாவின் படத்தில் சிவப்பு வெளிக்கடல் பக்கமிருந்து உள்ளே நகர்ந்து வந்தது. ஒவ்வொரு மாசமும் இரண்டு கட்டம்.

அந்த நிலையில் ஒரு பௌர்ணமி ஏற்றத்தில் வெளிக்கடல் அலை அபாநேனேயின் மேல் ஏறி மறுபக்கம் உள்கடலில் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. பட்டப்பகல், எல்லாரும் பார்த்துக்கொண்டே தென்னைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் ஒரு கிணறு மிச்சமில்லை. மூன்றாம் நாள் கடல் வற்றிய நேரத்தில் முப்பத்தொரு குடும்பங்கள் பாய், பானை, கோழிகளோடு வரிசையாக நடந்து நூகாவுக்கு வந்து சேர்ந்தன. முன்னால் வந்தவள் ரகேரா, பெரெதியாவின் அக்கா. தலையில் தையல் மெஷின்.

"எல்லாத்தையும் விட்டுட்டு இதையா தூக்கிட்டு வந்த?" என்றாள் பெரெதியா.

"தண்ணி இல்லாத ஊர்ல சமைக்கத்தான் முடியாது. தைக்கலாம்ல."

ஊர்க்கூடத்தில் அவர்களைத் தங்க வைத்தோம். மறுநாளே அங்கே கூட்டம். ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்கென்று உள்ள தூணடியில் உட்கார்ந்தது. தலைநகரிலிருந்து தண்ணீர் ஏற்றிய கப்பல் வரப் பதினெட்டு நாள் ஆகும், அதுவும் நிச்சயமில்லை என்று மன்றத் தலைவர் சொன்னார். பெரெதியாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்கள்.

"நம்ம கிணறுங்க இப்போ ரெண்டாயிரத்துல நிக்குது. ரெண்டு ஊரும் சேர்ந்து இறைச்சா மூணு வாரம். அப்புறம் எல்லாத்துக்கும் சிவப்புக் கோடுதான்."

"வேற எங்கயும் நல்ல தண்ணியே இல்லையா?"

அவள் தன் கால் விரல்களைப் பார்த்தாள். "நான் எழுதின இடத்துல இல்ல" என்றாள்.

அந்தப் பதிலின் வளைவு எனக்கு மட்டும்தான் உறைத்தது என்று நினைத்தேன். எதிர்த் தூணடியில் தெதாபோ புகையிலையைத் தாழையோலையில் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்ததைப் பிரித்து மறுபடி சுருட்டினான்.

அடுத்து நடந்ததை எனக்குச் சொன்னவள் பெரெதியா அல்ல, தெதாபோதான், பல மாசம் கழித்து. மறுநாள் மத்தியானம் அவன் தோப்பில் எரு போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்தாளாம். மீட்டர் இல்லை, நோட்டு இல்லை. அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாளாம்.

"உட்காராத. எழுந்திரு" என்றான் தெதாபோ.

"உட்கார்ந்துட்டேன் மச்சான்."

"வாயத் திறக்காத. நீ கேட்டா நான் மாட்டிக்குவேன்னு தெரிஞ்சுதான வந்திருக்க?"

"தெரிஞ்சுதான் வந்திருக்கேன். நேத்தே எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கலாம். உங்க முகத்துக்காக விட்டுட்டேன்."

"அதுக்கு நான் உன் காலக் கழுவணுமா?"

"தண்ணி இருந்தா கழுவுங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்ததாம், கோபத்தில் அடக்கிக்கொண்டானாம். அவள் கேட்டாள். நடுவிலிருக்கும் இரண்டு குழிகளை ஒட்டி நீளமாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். மன்றத்துக் கொட்டகையில் துளை போட்ட குழாய்கள் நாலு வருஷமாகச் சும்மா கிடக்கின்றன, ஒரு சூரியப் பம்பும் கிடக்கிறது. குழாயைத் தண்ணீர் மட்டத்திலேயே படுக்கப் போட்டால் மேலாக வழித்து எடுக்கலாம், அடி உப்பு ஏறாது. இரண்டு குழியும் அதிலிருக்கும் சேம்பும் போய்விடும்.

"எந்த ரெண்டு குழி?"

அவள் காட்டினாள்.

"அதுல இருக்கிறது பதினோரு வருஷச் சேம்பு. என் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கேன்."

"தெரியும்."

"வேற ரெண்டு எடுத்துக்க."

"அங்க எண் கூட. இதுதான் நடு."

அவன் கையிலிருந்த எருவை ஒரு வளையத்துக்குள் போட்டு அழுத்தினானாம். பிறகு, "எடுத்துக்க. ஆனா இனிமே எங்கிட்டப் பேசாத" என்றானாம்.

அவள் எழுந்து போய் மீட்டரோடு திரும்பி வந்து அளந்தாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, "அந்த வெள்ளையில நீலம் அடி" என்றாள். அறுநூற்று நாற்பது. வறட்சியின் உச்சத்தில் அறுநூற்று நாற்பது! எண்ணை இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

தோண்ட இரண்டு ஊர் ஆண்களும் வந்தார்கள். தெதாபோ யாரையும் குழிக்குள் இறங்க விடவில்லை. தானே இறங்கினான். ஒவ்வொரு வளையமாக அவிழ்த்து, செடியைக் கட்டிப்பிடித்து அசைத்து அசைத்துப் பிடுங்கினான். பதினேழு கிழங்குகள். கடைசிக் கிழங்கு அவன் இடுப்பளவு இருந்தது. அதைச் சேற்றிலிருந்து எடுத்து மேலே வைத்துவிட்டு, ஏறி வந்து வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கிழங்குகளை ஊர்க்கூடத்தில் வேகவைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றி அபாநேனேக்காரர்கள் உட்பட எல்லாரும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது என்று சொல்ல எல்லாருக்கும் கூச்சம்.

ஆறு நாளில் வாய்க்கால் முடிந்தது. குழாய் படுத்தது, மேலே சரளை, அதன் மேல் மணல். பம்பு வெயிலில் முனகிக்கொண்டு தொட்டியை நிரப்பியது. தண்ணீரின் ருசியில் ரகேரா கண்ணை மூடிக்கொண்டாள். "இது தண்ணியாடி? இதுல தேயிலை போட்டாப் பாவம்." ஆளுக்கு ஒரு வாளி, குழந்தை இருக்கிற வீட்டுக்கு இரண்டு. காலையில் வரிசையில் நின்று சிரித்துப் பேசினார்கள். பெரெதியா மட்டும் தினமும் மூன்று வேளை மீட்டரை விட்டாள். எழுநூறு. எழுநூற்று ஐம்பது. தொள்ளாயிரம்.

கப்பல் வந்தது, முப்பது பீப்பாய் இறக்கிவிட்டுப் போனது. அது ஒரு வாரத்துக்குக்கூடக் காணவில்லை.

நாலாவது வாரம் எண் ஆயிரத்து ஐந்நூற்று இருபதைத் தொட்டது. அன்று காலை வரிசை நின்றுகொண்டிருக்கும்போதே அவள் பம்பை நிறுத்திப் பெட்டியைப் பூட்டினாள்.

"மூணு நாளைக்குத் தண்ணி கிடையாது. பதநீர், இளநீர், பீப்பாயில மிச்சம் இருக்கிறது, அத வெச்சுச் சமாளிங்க."

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வரைக்கும் குடிக்கலாம்னு நீதான சொன்ன?" என்றான் ஒருவன்.

"குடிக்கலாம். ஆனா அதுவரைக்கும் எடுத்தா அப்புறம் இறங்காது. மைதானத்துக் கிணறு அப்படித்தான் செத்துச்சு. இப்போ விட்டாத் தானா இறங்கும்."

"இறங்கும்னு உனக்கு யார் சொன்னது?"

அவளிடம் அதற்குச் சான்று எதுவும் இல்லை. மணலில் ஒருவன் போட்ட படம் மட்டும்தான்.

சத்தம் கூடியது. அபாநேனேக்காரர்கள்தான் அதிகம் கத்தினார்கள், அவர்களுக்கு வேறு கிணறு இல்லை. ரகேரா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"எல்லாருக்கும் சொல்ற சட்டத்த எனக்கும் சொல்றியா? என் பேத்திக்கு வயித்தால போகுது. ஒரு வாளி குடு."

"ஆஸ்பத்திரியில நர்ஸ்கிட்ட பீப்பாய்த் தண்ணி இருக்கு. பிள்ளைக்குன்னு கேளு, குடுப்பாங்க. இங்க இல்லக்கா."

"சொந்த ஊரையே காயப்போடுறா பாரு! நூகாக்காரி ஆயிட்ட. நீ குடிக்கிறது மட்டும் எங்க இருந்து வருது?"

இரண்டு இளைஞர்கள் பூட்டை உடைக்கக் கல்லைத் தூக்கினார்கள். அப்போதுதான் தெதாபோ தோப்புக்குள்ளிருந்து வந்தான். ஒரு மாசமாக அவன் அவளோடு பேசியதில்லை, வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வந்தவன் பம்புப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தான். எண்பத்தைந்து கிலோ ஆள்.

"நிலம் என்னோடது. சாவி அவளோடது. கல்ல எங்க போடணுமோ போடுங்க."

"நீங்களே அவகூடப் பேசறதில்லையே" என்றான் ஒரு இளைஞன்.

"பேசறதில்லதான். கல்யாணச் சேம்பத் தின்னுட்டா, எதுக்குப் பேசணும்? ஆனா அவ நாக்கு தப்பு சொல்லி நான் கேட்டதில்ல."

கல்லைக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். வெயில் ஏறும்வரை அவன் அந்தப் பெட்டியை விட்டு இறங்கவில்லை. அவளிடமும் பேசவில்லை.

ரகேரா போன வேகத்தில் தங்கையின் வீட்டுக்குள் நுழைந்தாள். ஒளித்து வைத்த வாளி ஏதாவது இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. மூலையிலிருந்த பானையில் முகந்து ஒரு வாய் குடித்தாள், உடனே துப்பினாள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். சிவப்புக் கோடு விழுந்து இரண்டு வாரம் ஆன கிணறு. தொட்டித் தண்ணீரில் தன் பங்கைப் பெரெதியா ஒருநாளும் வாங்கவில்லை என்பது வரிசையில் நின்ற எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் வந்து நின்ற தங்கையிடம் ரகேரா சொன்னாள்: "நம்ம ஊர்த் தண்ணியவிட மோசமா இருக்குடி."

"பழகின நாக்குதானேக்கா."

"வாய மூடு. வயித்துக்கு ஆகாது."

பிறகு ரகேரா தன் தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அன்று மாலை முதல் அபாநேனேக்காரர் யாராவது முணுமுணுத்தால் வாயடைத்தவள் அவள்தான்.

மூன்றாம் நாள் காலையில் பெரெதியா பெட்டியைத் திறந்தபோது நானும் கூட இருந்தேன். முதலில் கையில் அள்ளி வாயில் விட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மீட்டரை விட்டாள். ஆயிரத்து எழுபது. அவள் அப்படியே தொட்டியின் நிழலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். "எழுதிக்க வாத்தியாரே" என்றாள்.

அதன்பின் தினமும் மூன்று மணி நேரம் மட்டும் பம்பு ஓடியது. ஆளுக்கு அரை வாளி. வாழ்ந்தோம். பத்து வாரம் அப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுச் சத்தத்துக்கு நடுவே கோயில் கதவுகள் மறுபக்கமாக அடித்துக்கொண்டன. பாதிரியார் ஜெபத்தை முடிக்கவில்லை, எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். மேற்குக் காற்று. உள்கடலின் மேல் மேகம் கருப்பாக வந்துகொண்டிருந்தது. பானை, படகு, தகரம், குழந்தைகளின் தொப்பி, வீட்டில் இருந்த எல்லாவற்றையும் வெளியே வைத்தோம். ஐந்து நாள் பெய்தது.

அபாநேனேக்காரர்களில் இருபத்திரண்டு குடும்பங்கள் திரும்பிப் போயின. ஒன்பது இங்கேயே தங்கின, உறவுக்காரர் நிலங்களில் வீடு கட்டிக்கொண்டன. ரகேரா போய்விட்டாள், தையல் மெஷினோடு. அந்தத் தோப்புக்கு வேலி வரவில்லை. ஊர்க்கூடத்தில் பேசி, நிலம் தெதாபோவுடையது, தண்ணீரை எப்போது எடுக்கலாம் என்பதைப் பெரெதியா சொல்ல வேண்டும் என்று முடிவானது. மிச்சம் ஒன்பது குழிகளில் மூன்றில் உப்பேறிச் சேம்பு வெளிறிக் குட்டையாகிவிட்டது. அதற்கு யாரும் நஷ்டஈடு கொடுக்கவில்லை.

மழை விட்ட வாரம் தெதாபோ பெரெதியாவின் வீட்டு முற்றத்துக்கு வந்தான். வந்தவன் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ மச்சான், எழுந்திருங்க."

"உட்கார்ந்துட்டேன் கொழுந்தியா."

"பேசறதில்லன்னு சொன்னீங்க?"

"பேச வரல. கேட்க வந்திருக்கேன்." முற்றத்து ஓரம் கையைக் காட்டினான். "அந்த மோட்டார் சைக்கிள்."

அவள் பிழிந்த துணியைக் கொடியில் போட்டாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. என் மருமகப்பிள்ளைக்குத் தெரியும். சேம்பு இல்லாத கல்யாணம், வண்டியாவது குடுக்கலாம்னு."

"பின்பக்க பிரேக் பிடிக்காது. சொல்லிடுங்க."

"ரிப்பேர்க் காசையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தான். வண்டியை உருட்டிக்கொண்டு போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான், அவள் கூப்பிடுவாளோ என்று. அவள் அடுத்த துணியைப் பிழியத் தொடங்கியிருந்தாள்.

அந்த வார இறுதியில் கப்பலிலிருந்து இயோதேபா மன்றத்துத் தொலைபேசிக்குக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"வண்டி நல்லா ஓடுதா?" என்றான் எடுத்தவுடன்.

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"உங்க அண்ணனுக்கு."

"எதுக்கு?"

"கேட்டாரு."

நடுவில் இருந்த சமுத்திரம் கொஞ்ச நேரம் இரைந்தது. "ம். கேட்டா குடுக்கத்தான வேணும்" என்றது குரல். பிறகு, "எதுக்குக் கேட்டாரு?" அவள் சொல்ல ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் காசு தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது. மீதியை அவன் ஏழு மாசம் கழித்து ஊர் வந்தபோதுதான் கேட்டான். கேட்டுவிட்டு முதலில் அண்ணன் தோப்புக்குப் போய் அந்த இரண்டு குழிகள் இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

ஒரு வருஷம் பெரெதியா நூற்று எண்பத்தாறு கிணறுகளையும் நடந்தே அளந்தாள். பிறகு மன்றம் ஒரு சைக்கிள் கொடுத்தது.

இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. போன மாதம் வடக்கே இருக்கிற தீவிலிருந்து, தங்கள் ஊருக்கும் அப்படி ஒரு குழாய் போட இடம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். படம் வரைய என்னையும் அழைத்துப் போனாள். ஒன்றரை நாள் படகு. இறங்கியதும் அந்த ஊர்ப் பெரியவர்கள் மாலை போட்டு, இளநீர் கொடுத்து, பேச்சுக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். அவள் இளநீரைக் குடித்துவிட்டு, பேச்சுக்கு முன் ஒரு கிணற்றைப் பார்த்துவிடலாம் என்றாள். ஊர்த்தலைவர் பெருமையோடு தன் வீட்டுக் கிணற்றுக்கே அழைத்துப் போனார். சுற்றிலும் வெள்ளைக் கல் பதித்த அழகான கிணறு. அவள் ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். உடனே துப்பினாள்.

"உப்பா?" என்று தலைவர் பதறினார்.

"உப்பே இல்ல, ஐயா. வேற ஏதோ கலக்குது" என்று சொல்லிவிட்டு அவள் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "பன்னி யாரோடது? இன்னைக்கே அவுத்து வேற இடத்துல கட்டச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."